அம்பேல் சொன்னவனைக் கேட்கக் கூடாது

புதிதாக வந்திருக்கும் நன்னெறிக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு இளம் ஆசிரியைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். கையேட்டில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கேள்வி இருக்கிறது. கேள்விக்குக் கீழேயே விடையும் இருக்கிறது. "எல்லா விடையையும் அச்சடிச்சுட்டாங்க மேடம், அப்புறம் நாங்க எதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு மட்டும் விடை அச்சடிக்கவில்லை. "நீங்க கொருக்குப்பேட்டையில ஒரு வகுப்பு நடத்தினீங்களாமே, அதைச் சொல்லுங்க" என்றாள் இன்னொருத்தி. சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். வேகமாக எழுதினால்தான் எனக்கு வரும். பொறுமை சின்ன வயதிலும் கிடையாது, ஓய்வு பெற்ற பிறகும் வந்தபாடில்லை.

தத்துவம் படித்து பி.ஏ. வாங்கியிருந்தேன். தத்துவம் படித்த பெண்ணை என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ராயபுரத்திலிருந்து நடந்தே துறைமுகத்துக்குப் போய்க் குமாஸ்தா வேலை பார்த்த என் அப்பா, "வாத்தியார் வேலைக்காவது உதவுமா பாரும்மா" என்றார். ஆசிரியர் பயிற்சியில் கற்றது ஒன்று நன்றாக நினைவிருக்கிறது: கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், பக்கவாட்டில் துடைத்தால் சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறும். மற்றது போய்விட்டது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அரிசிக்கு இன்னும் ரேஷன்தான். கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு கிடைத்தது.

ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் தண்டவாளம். வண்டிகளைக் கோக்கும்போதும் கழற்றும்போதும் பாடம் நின்றுவிடும். பிள்ளைகளின் அப்பன்மார் பெரும்பாலும் மூட்டை தூக்குகிறவர்கள், கரி அள்ளுகிறவர்கள். அம்மாமார் மீன் விற்பார்கள், மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுவார்கள்.

தலைமை ஆசிரியர் வேதமாணிக்கம். மெலிந்த மனிதர், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. புதுச் சாக்குக் கட்டியை முழுசாக யாருக்கும் கொடுக்க மாட்டார். நடுவில் ஒடித்துப் பாதிதான் தருவார். "முழுசு கீழே விழுந்தா மூணா ஒடையும். பாதி விழுந்தா பாதியாவே இருக்கும்" என்பார். யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரண நாளில் "என்னடா, எங்கடா ஓடற?" கொஞ்சம் கோபம் என்றால் "என்னப்பா". "வாங்க தம்பி, உட்காருங்க" என்றாரானால் பையன் டிராயரை நனைத்துவிடுவான். என்னிடமும் அப்படித்தான். "என்னம்மா" என்கிறவரை நான் பிழைத்தேன்; "டீச்சர் அவர்களே" என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நீதிபோதனை. முறை என்னவென்றால், ஆசிரியர் ஒரு கதை சொல்வார், "இதனால் நாம் அறியும் நீதி என்ன?" என்பார், வகுப்பு முழுக்க ஒரே குரலில் நீதியைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடும். இவர்கள் கதையைக் கேட்கிறார்களா என்றே முதல் வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு காகம் ஒரு பெண்ணின் கூடையிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சுகளுக்குக் கொடுத்தது, குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, கதை முடிந்தது என்றேன். நீதி என்ன?

"திருடக் கூடாது டீச்சர்" என்றது வகுப்பு மொத்தமும்.

"ஏன் கூடாது? குஞ்சுங்க நல்லாத்தானே வளர்ந்துச்சு?"

டில்லி என்ற பையன் எழுந்தான். வகுப்பிலேயே வாய் நீளம் அவனுக்குத்தான். "டீச்சர், மெய்யாலுமே கேக்கறீங்களா, இல்ல சும்மாங்காட்டியும் கேக்கறீங்களா?"

"மெய்யாலுமே."

"அப்போ கொஞ்சம் டைம் குடுங்க" என்று உட்கார்ந்துவிட்டான். என் வகுப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முறைகளை ஒரே நாளில் போடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சண்டையில் வந்தது. முதலாவது, "டீச்சர் சொன்னாங்க", "எங்க நைனா சொல்லிச்சு" என்பது காரணம் ஆகாது. இரண்டாவது முறைக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். ஒருவன் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவன் சொன்னதை உன் வாயால் சொல்ல வேண்டும். அவன் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் பேச்சை நீ ஆரம்பிக்கலாம். "அது இல்ல" என்றால் மறுபடியும் சொல்ல வேண்டும். இதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு "ஆமா, அதான்"கூட விழாத வெள்ளிக்கிழமைகள் உண்டு. ரயில் போகும் நேரத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். சத்தம் நின்றதும் பேசிக்கொண்டிருந்தவன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அல்லது மாற்றிச் சொல்லலாம். மாற்றிச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

மூன்றாவது முறை நான் போட்டதில்லை. அடித்தவனைத் திருப்பி அடிக்கலாமா என்று ஒருநாள் பேச்சு. ஏகாம்பரம் என்ற பையனிடம் கேட்டேன். அதிகம் பேசாதவன், கணக்கில் கெட்டி. எழுந்து நின்றான். "நான் அம்பேல் டீச்சர்."

சிரிப்பு. எனக்குப் புரியவில்லை. டில்லிதான் விளக்கினான்: "ஆட்டத்துல அம்பேல்னு சொல்ட்டா அவன் வெளில நின்னுக்குவான் டீச்சர். அவன தொடக் கூடாது. அவன் மறுபடியும் உள்ள வர்ற வரிக்கும் யாரும் ஒண்ணும் பண்ணக் கூடாது."

"யாரு வேணா சொல்லலாமா?"

"யாரு வேணா. ஆனா சும்மா சும்மா சொன்னா அது அழுகுணி ஆட்டம்."

யோசித்தேன். மனசுக்குள் இருப்பதைப் பிடுங்கி எடுப்பதற்கா இந்த வகுப்பு? அன்றே பலகையில் எழுதினேன்: அம்பேல் சொன்னவனைக் கேட்கக் கூடாது. அதற்கு நானும் கட்டுப்பட்டவள் என்று சொன்னபோது வகுப்பு என்னை ஒரு மாதிரி பார்த்தது. பிள்ளைகளுக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

நியாயம் என்ற சொல்லை அவர்கள் "நாயம்" என்றுதான் சொல்வார்கள். முதலில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். வீடுகளுக்கு நாயம் போய்ச் சேர்ந்ததும் புகார் வர ஆரம்பித்தது. மீன் கூடையோடு ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "இன்னா டீச்சர் சொல்லிக் குடுக்கறீங்க? எம் பொண்ணு அதும் நைனாவாண்ட, 'நீ இன்னா சொல்ல வர்றேன்னு நான் சொல்றேன், சரியா பாரு'ங்குது. அந்தாளு அடிக்கக் கைய ஓங்கிட்டு, இது கரீக்டா சொல்லவும், ஆமான்னு சொல்ட்டு குந்திகினான். வூட்ல ஒரே பேஜாரா கீது." புகாரா பாராட்டா என்று தெரியவில்லை. போகும்போது மகளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனாள்.

இனி அந்த வழக்கு.

ஏகாம்பரத்துக்கு அப்பா இல்லை. அம்மாவும் அவனும் அம்மாவின் தம்பி கன்னியப்பன் நிழலில் இருந்தார்கள். கன்னியப்பனுக்குக் கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய ஒரு கன்ட்ராக்டரின் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. மத்தியான இடைவேளையில் ஏகாம்பரம் ஓடிப்போய் மாமாவுக்குச் சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு வருவான். அதே கிடங்கில் வேலை செய்தவர் காதர் பாய். அவர் மகள் நூர்ஜஹானும் என் வகுப்புதான். எல்லோரும் நூரு என்போம்.

அந்த வாரம் கிடங்கில் ரேஷன் அரிசி மூட்டை ஒன்று கிழிபட்டிருந்தது. அரிசி பாதிக்கு மேல் இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு கொக்கி வைத்திருப்பார்கள், கோணியில் மாட்டி இழுக்க. ஒவ்வொருவரும் அடையாளத்துக்காகப் பிடியில் ஏதாவது சுற்றியிருப்பார்கள். கிழிந்த மூட்டையின் பக்கத்தில் கிடந்தது பச்சைத் துணி சுற்றிய கொக்கி. அது காதர் பாயுடையது. தான் தொழப் போயிருந்ததாகவும் கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனதாகவும் அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சனிக்கிழமை மத்தியானம் போலீசில் ஒப்படைப்பதாக முடிவு. அந்த நாளில் ரேஷன் அரிசியில் கை வைத்தவன் சுலபமாக வெளியே வர முடியாது.

வியாழக்கிழமை கிடங்குக் காவல்காரர் எங்கள் பள்ளிக்கு வந்தார். மூட்டை கிழிபட்ட நேரத்தில் தூக்குச் சட்டியோடு ஒரு பையன் அங்கே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாராம். வகுப்பு வாசலில் நின்று விரலை நீட்டினார். ஏகாம்பரம்.

தலைமை ஆசிரியர் அறைக்கு அவனோடு நானும் போனேன்.

"வாங்க தம்பி. உட்காருங்க" என்றார் வேதமாணிக்கம்.

அவன் உட்காரவில்லை.

"கிடங்குல யாரு மூட்டையைக் கிழிச்சாங்கன்னு நீங்க பார்த்தீங்களா?"

"நான் அம்பேல் சார்."

வேதமாணிக்கம் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"அம்பேல் சார்." அவன் என்னைப் பார்த்தான். பயம் இல்லாமல் பார்த்தான், அதுதான் விசேஷம். என் வகுப்பில் செல்லுபடியான சொல் உலகம் முழுக்கச் செல்லும் என்று நம்பிவிட்டான்.

காவல்காரர், "கொழுப்பப் பாரு சார்" என்றார். வேதமாணிக்கம் அவரை வெளியே இருக்கச் சொன்னார். பையனையும் அனுப்பினார். பிறகு ஒரு சாக்குக் கட்டியை எடுத்து ஒடித்தார்.

"டீச்சர் அவர்களே. இந்தச் சொல் உங்க வகுப்புலேர்ந்து வந்ததா?"

"தெருவிலேர்ந்து வந்தது சார். வகுப்புல ஏத்துக்கிட்டோம்."

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லியிருப்பான். அம்பேல்னா பார்த்திருக்கான். யாரைப் பார்த்திருப்பான்னும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனா அந்தக் கன்ட்ராக்டருக்கு வாய்ச்சொல் வேணும். நாளைக்கு உங்க வகுப்பு இருக்கு. அதுலயே கேட்டு வாங்கிடுங்க. சொல்லலன்னா அந்தத் தம்பியைப் பள்ளியிலேர்ந்து நீக்க வேண்டியதுதான். ஒரு அப்பாவி உள்ளே போறதை நாம பார்த்துக்கிட்டிருக்க முடியாது."

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல். என் இரண்டாவது முறைப்படி அவர் பக்கத்தை நான் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, அதுதான்" என்றார். பிறகு என் பக்கம்: கேட்கக் கூடாது என்று நானே எழுதிய பலகையின் முன்னால் நின்று கேட்டால், இனி எந்த வெள்ளிக்கிழமையும் இவர்கள் என்னிடம் உண்மையாக எதுவும் பேச மாட்டார்கள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார், சரியாகவே சொன்னார். "இருந்தாலும் கேளுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி. நான் கேட்கவில்லை. தெருநாய்க்குச் சோறு போடுவது தர்மமா தொந்தரவா என்று ஏதோ ஒரு தலைப்பைப் பலகையில் எழுதினேன். யாரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

டில்லியால் தாங்க முடியவில்லை. "டீச்சர், அம்பேல் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஆட்டத்துல நமக்குப் பதிலா வேற ஒருத்தன் மாட்டிகினு கீறான்னு வெச்சிக்கங்க. அப்ப அம்பேல் சொல்றது அழுகுணி ஆட்டம். அது நாயம் இல்ல."

"த்தோ, ஆமாண்டா" என்று நாலைந்து குரல். ஏகாம்பரத்தின் காது மடல் சிவந்துவிட்டது.

நூரு எழுந்தாள். ஒல்லிப் பெண். முந்தின நாளிலிருந்தே அவள் யாரோடும் பேசவில்லை. "டில்லி, நீ குந்து. அவன் பக்கத்த சொல்லாம நீ எப்டி பேசுவ?"

"அவன் பக்கம் இன்னான்னு அவன்தான் சொல்லவே மாட்டேங்கறானே."

"நான் சொல்றேன்."

சரியாக அப்போது சுவருக்கு அப்பால் கூட்ஸ் வண்டி நகர ஆரம்பித்தது. நீளமான வண்டி. நூரு நின்றபடியே இருந்தாள். வண்டி போய் முடியும்வரை யாரும் அசையவில்லை. உட்காரு என்று சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

சத்தம் அடங்கியது. அவள் ஏகாம்பரத்தைப் பார்த்துப் பேசினாள். "நீ யாரப் பாத்தன்னு நான் கேக்கல. அம்பேல் சொன்னவனக் கேக்கக் கூடாது. ஆனா நீ பாத்தது உனக்கு வேண்டியவங்க யாரோ. அவங்க கெட்டவங்க இல்ல. உங்க வூட்டுக்குச் சோறு அவங்கதான் போடறாங்க. நீ சொன்னா அவங்க உள்ள போயிடுவாங்க. அப்பறம் உங்கம்மா உன்னப் பாக்கறப்பல்லாம் அது ஞாபகம் வரும். அதான் நீ சொல்லல. எங்க அத்தா மேல உனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. சரியா?"

ஏகாம்பரம் தரையிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு, "ஆமா. அதான்" என்றான்.

இப்போது அவள் பேசலாம். முறைப்படி அது அவளுடைய முறை. வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். நூரு உட்கார்ந்துவிட்டாள். பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். மணி அடித்தது.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் பள்ளி. காலையில் கையெழுத்துப் போட நான் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனபோது ஏகாம்பரம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்தான். "எங்க மாமாதான் சார் கிழிச்சாரு. காதர் பாய் கொக்கிய எடுத்துக் கிழிச்சாரு. நான் பாத்தேன்."

வேதமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர் சொல்லச் சொன்னாங்களாடா?"

"இல்ல சார்."

"வீட்டுல தெரியுமா?"

"மாமாவாண்ட சொல்ட்டுத்தான் சார் வந்தேன். நான் போய் சொல்லப் போறேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல சார். பழைய சோறு துன்னுகினு இருந்தாரு. முழுசாத் துன்னுட்டு, கையக் கழுவிகினு, ஸ்கூலுக்கு நேரமாவுது, போ மாப்ளன்னாரு."

"முந்தாநாள் சொல்லாதவன் இன்னைக்கு ஏன்டா சொல்ற?"

பையன் யோசித்தான். "நூரு என் பக்கத்த சொல்ட்டு குந்திகினா சார். அவ பக்கத்த யாருமே சொல்லல."

நானும் வேதமாணிக்கமும் தண்டவாளத்தைத் தாண்டிக் கிடங்குக்குப் போனோம். கன்னியப்பன் எங்களுக்கு முன்பே அங்கே போய் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். தானாக வந்து சொன்னதால் போலீஸ் வேண்டாம் என்று கன்ட்ராக்டர் விட்டார். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தக் கிடங்கிலும் இனி அவருக்கு வேலை இல்லை. எண்ணூர்ப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார் என்று ஞாயிற்றுக்கிழமையே கேள்விப்பட்டேன். காதர் பாய் அன்று மத்தியானமே மூட்டை தூக்கினார்.

இந்த இடத்தில் இளம் ஆசிரியைகள் கை தட்டப் பார்த்தார்கள். இருங்கள் என்றேன்.

திங்கட்கிழமை ஏகாம்பரத்தின் அம்மா வந்தாள். மிளகாய் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். பக்கத்தில் நின்றாலே எனக்குத் தும்மல் வந்தது. பையனை வகுப்பிலிருந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "உங்க நாயம் எனக்குச் சோறு போடுமா வாத்தியாரம்மா?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். அதையே செய்தேன். "உங்க தம்பி வேலை போச்சு. குடும்பத்துக்கு இனி வழி இல்ல. அதான் உங்க ஆத்திரம்."

"அது இல்ல."

"உங்களை ஒரு வார்த்தை கேக்காம பையன் சொல்லிட்டான்."

"அதுவும் இல்ல."

"தம்பியை இப்படி வெளியூருக்கு அனுப்பும்படி ஆயிடுச்சு. இதையெல்லாம் நான்தான் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்னு..."

"இல்லங்கறேன். நீங்க இன்னா எந்தம்பி பக்கத்தயும் உங்க பக்கத்தயுமே சொல்லிகினு கீறீங்க?" பையனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவனுக்கு வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. "எம் புள்ள சரியாத்தான் செஞ்சான். அது எனக்குத் தெரியாதா? காதர் பாய் வூட்டுக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன், இவன் சொல்லாம இருந்திருந்தா? ஆனா சரியா செஞ்சிட்டா நான் இவன் மேல கோவிச்சுக்கக் கூடாதா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்வி இருந்ததாக நினைவில்லை.

"கோவிச்சுக்கலாம்" என்றேன்.

"ஆங். அதான்" என்று சொல்லிவிட்டு அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தான். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. வீட்டுக் கணக்கு செய்துகொண்டு வந்திருந்தான்.